வில்சன் நோய்க்கு மாத்திரை எடுக்கிறேன், இப்போது ஏழு வாரக் கர்ப்பம். நிறுத்தச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கோபிப்பொண்ணு:

வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரம் எங்கள் ஊர். எனக்கு 27 வயது. ஒன்பதாவது படிக்கும்போது என் கையெழுத்து கோணலாகிக்கொண்டே போனது, டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் சிந்தும், பேச்சும் லேசாகக் குழறும். படிப்பில் கவனம் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் திட்டுதான் கிடைத்தது. எங்கெங்கோ காட்டி, கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு கண் டாக்டர்தான் கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் இருப்பதைப் பார்த்துவிட்டு, இது கண் சமாச்சாரம் இல்லை, கல்லீரலைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். வில்சன் நோய். உடம்பில் சேரும் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தங்கிவிடுகிற பிறவி நோய். அதற்கு மூன்று வருடம் முன்னால் என் அண்ணன் காமாலை கண்டு பதினைந்தே நாளில் போய்விட்டான், அவனுக்குப் பன்னிரண்டு வயது. கீழாநெல்லி கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒன்றும் நிற்கவில்லை. அவனுக்கும் இதேதான் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்று அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்றிலிருந்து பதின்மூன்று வருடமாகப் பெனிசிலமைன் மாத்திரை, கூடவே ஒரு பி6 வைட்டமின். கை நடுக்கம் நின்றுவிட்டது, பி.காம் முடித்தேன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்த்தேன். இரண்டு வருடம் முன்னால் அத்தை மகனையே கட்டிக்கொண்டேன், அவருக்கும் அத்தைக்கும் எல்லாம் தெரிந்துதான் கல்யாணம்.

இப்போது ஏழு வாரம். போன வாரம் ஒரு கிளினிக்கில் முதல் செக்கப் போனோம். அங்கிருந்த டாக்டர் மாத்திரையை வாங்கிப் பார்த்துவிட்டு, இது கர்ப்பத்தில் சாப்பிடவே கூடாதது, குழந்தைக்குக் குறை வரும், இன்றோடு நிறுத்து என்றார். கல்லீரல் டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன், அதெல்லாம் வேண்டாம் என்றார். பயந்துபோய் நிறுத்திவிட்டேன், இன்றோடு நான்கு நாள். என் கல்லீரல் டாக்டரிடம் அடுத்த முறை போவது இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான்.

அம்மா நிறுத்தாதே என்கிறார். அத்தை, டாக்டரே சொன்ன பிறகு எதற்கு என்கிறார். இது போதாதென்று அத்தை பாசமாக ரத்தம் ஊற வேண்டும் என்று வாரம் இரண்டு தடவை ஆட்டு ஈரல் வறுக்கிறார், செப்புக் குடத்தில் ராத்திரி ஊற்றிவைத்த தண்ணீரை வெடியக் காலை முதல் வேலையாகக் கொண்டுவந்து நீட்டுகிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாள் தனிக்குடித்தனம் இருந்தோம், இப்போதுதான் அவர் வந்து பார்த்துக்கொள்கிறார்.

நான் செய்தது சரியா தப்பா? குழந்தைக்கும் இது வருமா? இதே நோயோடு பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ராத்திரி தூக்கமே வருவதில்லை.


நொய்யல்கரை:

தங்கச்சி, முதலில் ஒன்று. நாளைக்குக் காலையில் உங்கள் கல்லீரல் டாக்டருக்குப் போன் போடுங்கள். அப்பாயின்ட்மென்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரிசப்ஷனில் "வில்சன் பேஷன்ட், கர்ப்பம், மாத்திரை நிறுத்தி நான்கு நாள் ஆச்சு" என்று இந்த மூன்று வார்த்தையைச் சொன்னாலே உள்ளே விடுவார்கள். போன் எடுக்கவில்லை என்றால் பஸ் ஏறி நேரில் போய் உட்காருங்கள்.

எனக்கும் வில்சன்தான். இரண்டு குழந்தைகள், பெரியவள் நான்காவது படிக்கிறாள், சின்னவன் பால்வாடி. இரண்டு பேருக்கும் நோய் இல்லை. இரண்டு கர்ப்பத்திலும் ஒரு நாள்கூட மருந்தை நிறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்க நினைத்தது இதுதான் என்று எனக்குத் தெரியும், நானும் அன்றைக்கு இதைத்தான் தேடினேன்.

என் கதை கொஞ்சம் வேறு. கல்யாணம் ஆனவுடன் எதுவும் தெரியாமல் இருந்தேன், அப்போது எனக்கு நோய் இருப்பதே கண்டுபிடிக்கவில்லை. இரண்டு தடவை கரு கலைந்தது. மூன்றாவது தடவையும் கலைந்தபோதுதான் ரத்தத்தில் பிளேட்லெட் குறைவு, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று பார்த்து, தேடித் தேடி வில்சன் என்று சொன்னார்கள். வைத்தியம் இல்லாமல் செம்பு ஏறிக் கிடந்தால் கரு நிற்காது, அடிக்கடி கலையும் என்று அப்புறம் டாக்டர் விளக்கினார். ஊரில் எனக்கு வைத்த பேர் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மருந்து ஆரம்பித்து, ஒன்றரை வருடம் செம்பு இறங்குகிற வரை காத்திருந்து, அப்புறம்தான் பெரியவள் தங்கினாள். அதனால் மாத்திரை குழந்தைக்கு எதிரி என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். என் குழந்தையைத் தங்க வைத்ததே அந்த மாத்திரைதான்.

எனக்கு ஜிங்க் மாத்திரை, உங்களுக்குப் பெனிசிலமைன். என்னைப் பார்த்து நீங்களாக ஜிங்குக்கு மாறிவிடாதீர்கள், கர்ப்பத்தின் நடுவில் மருந்தை மாற்றுவது அவ்வளவு நல்லதில்லை என்று என் டாக்டர் சொல்லுவார். முதல் மூன்று மாதம் வாந்தி எனக்கு ரொம்பக் கஷ்டம், காலையில் வெறும் வயிற்றில் ஜிங்க் போட்டால் அப்படியே வெளியே வந்துவிடும். டாக்டரைக் கேட்டு முதல் டோஸை காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் நடுவில் தள்ளிக்கொண்டேன், அப்புறம் நின்றது. மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். பிரசவம் முடிந்த கையோடு பல இடங்களில் காப்பர் டி போட்டுவிடுகிறார்கள். செம்புக் கம்பி சுற்றிய கருத்தடைச் சாதனம். நமக்கு அது வேண்டாம். எனக்கு முதல் பிரசவத்தில் டேபிளிலேயே போடப் பார்த்தார்கள், நான் மயக்கத்தில் இருந்தேன், என் அம்மா வெளியே நின்று சத்தம் போட்டுத்தான் நிறுத்தினார். தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "வில்சன் நோய், காப்பர் டி வேண்டாம்" என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். நர்ஸம்மாவிடமும் தனியாகச் சொல்லி வைத்துவிடுங்கள்.


மருந்துக்கடை திருப்பூர்:

பார்மசிஸ்ட் நான், இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அந்த கிளினிக் டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. பெனிசிலமைன் டப்பாவில் வரும் காகிதத்தைப் பிரித்தால் கர்ப்பத்தில் தவிர்க்கவும் என்றுதான் எழுதியிருக்கும். குழந்தையின் தோல் தொய்ந்து பிறந்ததாகப் பதிவுகள் உண்டு, அதை வைத்து எழுதியது. ஆனால் அதே மருந்தை மூட்டுவாதத்துக்கும் சிறுநீரகக் கல் வகை ஒன்றுக்கும் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு நிறுத்தலாம், வேறு வழி இருக்கிறது. வில்சன்காரர்களுக்கு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அந்த வித்தியாசம் சின்ன எழுத்துக் காகிதத்தில் சரியாகத் தெரிவதில்லை.

நான் எழுத வந்த முக்கியமான விஷயம் வேறு. நான்கு நாள் விட்டுவிட்டீர்கள் இல்லையா, பயத்தில் இன்று ராத்திரியே பழைய அளவை முழுசாக நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள். இந்த மருந்தைச் சில நாள் விட்டுத் திரும்ப ஆரம்பிக்கும்போது சிலருக்குக் காய்ச்சல், தடிப்பு மாதிரி ஒவ்வாமை வரும். குறைந்த அளவில் தொடங்கி ஏற்ற வேண்டியிருக்கலாம். அதனால்தான் நொய்யல்கரை சொன்ன மாதிரி நாளைக்கே டாக்டர். விட்டதை ஈடுகட்ட இரட்டை டோஸ் போடுவது கூடவே கூடாது.

அடுத்து இரும்பு மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் கொடுக்கிற சிவப்பு மாத்திரையைத்தான் சொல்கிறேன். அது பெனிசிலமைனோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். பெனிசிலமைன் வெறும் வயிற்றில், அதாவது சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால் அல்லது இரண்டு மணி பின்னால். கால்சியம், ஜெலுசில் மாதிரி வயிற்று மருந்துகளையும் தள்ளி வையுங்கள். ஒரு தாளில் நேரம் போட்டு பீரோ கதவில் ஒட்டிவிடுங்கள், வீட்டில் எல்லோரும் பார்க்கிற மாதிரி. ஃபோலிக் ஆசிட் தாராளமாக எடுக்கலாம்.

மல்டி வைட்டமின் வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். கர்ப்பிணிகளுக்கென்று விற்கும் பல மாத்திரைகளில் காப்பர் சேர்த்திருப்பார்கள். கடைக்காரர் சத்து மாத்திரைதானே என்று எடுத்து நீட்டிவிடுவார். சத்து மாவு டப்பாவையும் அப்படியே திருப்பிப் பாருங்கள். சித்த மருந்து ஏதாவது வீட்டில் கொடுத்தால், செந்தூரம், பற்பம் என்று இருந்தால், என்ன உலோகம் என்று கேட்காமல் வாயில் போடாதீர்கள். தாமிர பற்பம் என்றால் அது செம்புதான்.

இந்த மருந்து சில மாதம் ஸ்டாக் இல்லாமல் போய்விடும், எங்கள் பக்கமெல்லாம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிரசவ தேதி வரைக்கும் தேவையானதை இப்போதே கணக்குப் போட்டு, குறைந்தது இரண்டு மாத மாத்திரை கையில் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.


ஈரோட்டு மருத்துவர்:

வயிறு, கல்லீரல் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் டோஸ் சொல்ல மாட்டேன், அதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஏன் நிறுத்தக் கூடாது என்பதை வீட்டில் அத்தையிடம் சொல்கிற மாதிரி விளக்கிவிடுகிறேன்.

நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறது. தேவைக்கு மேல் வருவதைக் கல்லீரல் பித்தத்தில் கலந்து வெளியேற்றும். அந்த வேலையைச் செய்கிற ஏடிபி7பி என்ற மரபணு, 13-ஆவது குரோமோசோமில் இருப்பது, உங்களுக்கு அம்மா வழியிலும் அப்பா வழியிலும் வந்த இரண்டு பிரதியும் பழுது. வாய்க்காலில் மதகு அடைத்துக்கொண்ட மாதிரி. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், வடியாது. பெனிசிலமைன் செம்பைப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. ஜிங்க், குடலிலேயே செம்பை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் மதகு மறுபடி அடைக்கும், அவ்வளவுதான். நான்கு நாளில் ஒன்றும் ஆகிவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் கர்ப்பம் முழுக்க நிறுத்திவிட்டுக் கல்லீரல் செயலிழந்து வந்த பெண்கள் உண்டு, சிலர் பிழைக்கவில்லை. நன்றாக இருப்பவர்களிடமும் அது வரும் என்பதுதான் இதில் கொடுமை. நன்றாக இருக்கிறோமே என்று நினைத்துத்தான் நிறுத்துகிறார்கள்.

பெனிசிலமைனை ஜான் வால்ஷ் என்ற மருத்துவர் 1956-இல் இந்த நோய்க்கு அறிமுகப்படுத்தினார். அன்றிலிருந்து இந்த மருந்தோடு நல்லபடியாகப் பிள்ளை பெற்ற பெண்கள் உலகம் முழுக்க ஏராளம். அதற்கு முன்னால் இந்த நோய் வந்தால் பிழைப்பதே அரிது.

அதே சமயம் குழந்தைக்கும் செம்பு வேண்டும். வயிற்றில் வளரும்போது, அதுவும் கடைசி மாதங்களில், அதன் கல்லீரல் செம்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் உங்கள் செம்பைத் துடைத்து எடுக்கிற அளவுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. பெனிசிலமைன் எடுப்பவர்களுக்குக் கர்ப்பத்தில் பழைய அளவிலிருந்து 25 முதல் 50 சதவீதம் வரை குறைப்பது வழக்கம். கடைசி மூன்று மாதத்தில் இதில் இன்னும் கவனம், ஏனென்றால் சிசேரியன் ஆனால் இந்த மருந்து காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஜிங்க் என்றால் பெரும்பாலும் குறைப்பதில்லை. கவனித்தீர்களா, குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. அந்த கிளினிக்கில் நடந்த தவறு இந்த இரண்டும் ஒன்றாகிப்போனதுதான்.

பார்க்க வேண்டிய பரிசோதனைகளில் 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அளவு முக்கியம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது. காலை எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன் பிறகு போவதையெல்லாம் சேர்த்து, மறுநாள் காலை முதல் சிறுநீரோடு முடிக்க வேண்டும். லேப் தரும் பிளாஸ்டிக் கேனிலேயே பிடியுங்கள், வீட்டுப் பாத்திரம் எதிலும் ஊற்றி அளக்க வேண்டாம். கூடவே ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனை, சிறுநீரில் புரதம். செருலோபிளாஸ்மின் என்பது ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம், இந்த நோயில் பெரும்பாலும் குறைவாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஏறியிருக்கிறது, நோய் சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் அது தானாக ஏறும்.

மண்ணீரல் வீக்கம், கல்லீரல் சுருக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் உடம்பில் ரத்த அளவு கூடும், புடைத்த குழாய் வெடிக்க வாய்ப்பு உண்டு. முன்பே தெரிந்தால் கட்டிவிடலாம், பிரசவத்தின்போது முக்கவிடாமல் எப்படி உதவுவது என்றும் திட்டம் போடலாம். அதனால் பிரசவம் பார்க்கிற டாக்டரும் கல்லீரல் டாக்டரும் ஒருவருக்கொருவர் போனிலாவது பேசிக்கொள்கிற இடமாகப் பாருங்கள். கோவையில் அது கஷ்டம் இல்லை. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக இந்த ஒரு விஷயத்தில் சமாதானம் ஆகாதீர்கள்.

அரிப்பு, கண் மஞ்சள், ரத்தவாந்தி, கறுப்பாக மலம், தலைச்சுற்றலோடு வயிற்று வலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போகணும்.

குழந்தைக்கு வருமா என்று கேட்டீர்கள். உங்களிடமிருந்து ஒரு பழுதுப் பிரதி கட்டாயம் போகும், ஆனால் ஒன்று மட்டும் போனால் நோய் வராது. நோய் வர, அப்பாவிடமிருந்தும் ஒன்று வர வேண்டும். சொந்தம் இல்லாத ஒருவரைக் கட்டியிருந்தால் அவர் அந்தப் பிரதியைச் சுமப்பதற்கான வாய்ப்பு சுமார் 90-இல் ஒன்று, குழந்தைக்கு நோய் வர 180-இல் ஒன்று. நீங்கள் கட்டியது அத்தை மகனை. உங்கள் அப்பா கட்டாயம் ஒன்றைச் சுமக்கிறார், அவர் அக்கா தங்கையிடம் அது இருக்கப் பாதி வாய்ப்பு, அவர் மகனிடம் கால் வாய்ப்பு, குழந்தைக்கு எட்டில் ஒன்று. தாய்மாமனையே கட்டியிருந்தால் நான்கில் ஒன்று. எட்டில் ஏழு பங்கு நல்லது பக்கம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விடக்கூடிய எண் இல்லை.

உங்கள் மரபணுவில் எந்த இடத்தில் பழுது என்று தெரிந்தால், அதே பழுது உங்கள் வீட்டுக்காரர் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லை என்று வந்தால் கவலை ஏறக்குறைய தீர்ந்தது. இருந்தாலும் உலகம் முடிந்துபோகாது. பிறந்த குழந்தைகளுக்கு செருலோபிளாஸ்மின் இயல்பாகவே குறைவாக இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். மரபணுப் பரிசோதனை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், மற்றவை இரண்டு மூன்று வயதில். அறிகுறி வருவதற்கு முன்பே மருந்து ஆரம்பித்தால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகள் மாதிரியே வளரும். உங்கள் அண்ணனுக்குக் கிடைக்காமல் போனது அந்த நேரம்தான்.


கோபிப்பொண்ணு:

படித்துவிட்டு அழுதுவிட்டேன். அவரும் உட்கார்ந்து முழுக்கப் படித்தார், நாளைக்கு வெடிய முதல் பஸ்ஸில் கோவை போகிறோம். அத்தையிடம் ஈரலையும் செப்புக் குடத்தையும் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் மனம் நோகும்.


பொள்ளாச்சி அம்மாயி:

கண்ணு, நான் உன் அத்தை வயதுக்காரி. என் மருமகளுக்கும் உன் நோய்தான், அதனால்தான் எழுதுகிறேன். பேத்தி என்னை அம்மாயி என்று கூப்பிட மாட்டாள், அப்பத்தா என்பாள், இந்தப் பேர் என் மகள் வீட்டுப் பிள்ளைகள் வைத்தது.

நானும் ஈரல் செய்து கொடுத்தவள்தான். ஒரம்பரை வீட்டுக்குப் போனாலும் என் மருமகளுக்கு ஈரல் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். ஒரு நாள் டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான செம்பு சுமார் ஒரு மில்லிகிராம்தான், ஆட்டு ஈரல் நூறு கிராமில் அதைப்போல பல மடங்கு இருக்கிறது என்றார். அன்றைக்கு எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது. யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றுதான் வருத்தமே தவிர, மருமகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. உன் அத்தைக்கும் அப்படித்தான் இருக்கும். நீ சொல்லாமல் விழுங்கினால்தான் அவர் மனம் பின்னால் நோகும். நாளைக்கு உன் கூட அவரையும் கோவைக்குக் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் வாயால் கேட்கட்டும்.

ரத்தத்துக்கு ஈரல்தான் வேண்டும் என்று இல்லை. முருங்கைக் கீரை, வெல்லம் போட்ட கம்பங்களி, அரிசிம்பருப்பு சாதத்தில் நெய், முட்டை, பால், தயிர், பழம் என்று எவ்வளவோ இருக்கிறது. கோழிக் குழம்பில் கறியை எடுத்துக்கோ, ஈரலைத் தள்ளி வை. முந்திரி, எள்ளுருண்டை, காளான், நண்டு, சாக்லேட் இதெல்லாம் ஒதுக்கிவிடு. கடலை மிட்டாய் ஒன்று இரண்டு வாயில் போட்டால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் டாக்டர் சொன்னார், உன் டாக்டரைக் கேட்டுக்கோ. மாசமாக இருப்பவளுக்குச் செய்யும் கட்டுச்சோறு விருந்தில் எள்ளுச் சாதம் கட்டாயம் இருக்கும், உன் இலைக்கு மட்டும் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் கூட வைக்கச் சொல்லு, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லு. செப்புக் குடத்தைத் துலக்கி சாமி ரூமில் வைத்துவிட்டு, குடிக்க எவர்சில்வர் குடம் போதும்.


கோபிப்பொண்ணு:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். கோவை போனோம், அத்தையும் வந்தார். டாக்டர் முதலில் என்னைத் திட்டினார், அப்புறம் என்னைத் தனியாகப் பார்க்காமல் எல்லோரையும் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன், மூன்று நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் ஏற்றச் சொன்னார், பழைய அளவு முழுசாக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். தடிப்பு, காய்ச்சல் எதுவும் இல்லை. கல்லீரல் சுருக்கம் லேசாக இருக்கிறது, மண்ணீரல் சரியாகத்தான் இருக்கிறது. நான்காவது மாதத்தில் எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள்ளலாம் என்றார். அங்கேயே பிரசவ டாக்டரைப் போனில் கூப்பிட்டுப் பேசினார், இனிமேல் அவரிடம்தான் செக்கப்.

என் பழைய மரபணு ரிப்போர்ட்டை அம்மா இரும்புப் பெட்டியில் இருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்காரரின் ரத்தம் அனுப்பியிருக்கிறார்கள், மூன்று வாரம் ஆகும். திரும்பி வரும்போது அத்தை பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் அண்ணன் சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில்தான் விளையாடுவான் என்றார். அதற்குமேல் பேசவில்லை. மறுநாள் காலையில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது.

இரண்டு கேள்வி மட்டும். தாய்ப்பால் கொடுக்கலாமா? அப்புறம் 24 மணி நேரச் சிறுநீர் கேனைக் கோபியிலிருந்து கோவைக்கு பஸ்ஸில் கொண்டுபோனால் கெட்டுவிடுமா?


ஈரோட்டு மருத்துவர்:

நல்லது. பெனிசிலமைன் தாய்ப்பாலில் கலக்கும், அதனால் கொடுக்க வேண்டாம் என்றுதான் நீண்ட காலமாகச் சொல்லி வந்தார்கள். மருந்து எடுத்துக்கொண்டே பால் கொடுத்த அம்மாக்களும் இருக்கிறார்கள், குழந்தைகள் நன்றாக இருந்ததாகப் பதிவுகளும் உண்டு. ஏழாவது எட்டாவது மாதத்தில் உங்கள் டாக்டரிடமும் குழந்தை டாக்டரிடமும் சேர்ந்து கேட்டு முடிவெடுங்கள், பிரசவ அறையில் முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த முடிவாக இருந்தாலும், பால் கொடுப்பதற்காக மருந்தை நிறுத்துவது மட்டும் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு மருந்து அளவை மறுபடி பார்க்க வேண்டும், அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.


நொய்யல்கரை:

கேன் பற்றி நான் சொல்கிறேன், காங்கேயத்திலிருந்து எத்தனை தடவை தூக்கியிருக்கிறேன். சேர்க்கிற அன்றைக்குக் கேனை நிழலில் குளிர்ச்சியாக வையுங்கள், போகும்போது ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட் போட்டு அதில் வைத்துக்கொண்டு போங்கள், மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஈரோட்டிலேயே அந்த லேபுக்குக் கிளை இருக்கிறதா என்று கேளுங்கள், மொத்த அளவைக் குறித்துக்கொண்டு ஒரு சின்ன டப்பாவில் மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள், முழுக் கேனையும் தூக்க வேண்டியிருக்காது. வீட்டுக்காரர் ரிசல்ட் வந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள் தங்கச்சி.